கலந்துகொண்டோர்

மண்டல அலுவலகத்திலிருந்து வந்த தாளில்
'களப்பணியாளர் பங்கேற்புடன்' என்றிருந்தது.
ஜெபக்கனி எழுத்துக்கூட்டி
இரண்டு முறை படித்தாள்.
"பங்கு தாராகளா,
ஏத்துக்கச் சொல்லுதாகளா?"

மேலப்பாளையத்தில் அந்த ஐப்பசி முழுக்கக் காய்ச்சல்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
கட்டிலுக்கு ரெண்டு பிள்ளைகள்.
நாங்கள் பன்னிரண்டு பேர்.
ஆளுக்கொரு டார்ச், ஒரு கரண்டி,
மருந்து கலக்கிய பாட்டில், சாக்பீஸ்.
நாளைக்கு அறுபது வீடு.
பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலே
காலால் கதவைத் திறப்பாள் செய்யதலி பாத்து.
"குடிக்கிற தண்ணியில ஊத்தாதம்மா."
ஊத்தாமல் என்ன செய்ய?
கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிற ஊரில்
நாலு நாளைக்கொருக்க குழாய் வருகிறது.
தொட்டி, டிரம், குடம்,
சோறு வடிக்கிற பானை வரைக்கும் நிறைத்து வைக்கிறார்கள்.
கொசு என்ன, கேட்டுக்கொண்டா முட்டையிடும்?

மாடித் தொட்டிக்கு ஏணி கிடையாது.
கைப்பிடிச்சுவரில் கால்வைத்து ஏறி
முப்பிடாதிக்கு முழங்கால் பிசகியது.
அவள் வராத பதினோரு நாளும்
பதிவேட்டில் சிவப்பு வட்டம்.
வட்டத்துக்குச் சம்பளம் கிடையாது.

கூட்டத்தன்று எங்களுக்கும் நாற்காலி.
பின்வரிசை. ஃபேன் காற்று அங்கே வராது,
சமோசா வந்தது.
திரையில் வண்ணக் கட்டங்கள்.
எங்கள் வார்டு பச்சை.
பச்சை என்றால் காய்ச்சல் இல்லையாம்.
அந்தப் பச்சைக்குள், நாலாம் தெருவில்,
போன வாரம் சாமியானா போட்டிருந்தது.
கல்யாணத்துக்கு அல்ல.

கடைசியில் அதிகாரி கைக்கடிகாரம் பார்த்தபடி
"உங்க பக்கம் யாராவது எதும் சொல்லணுமா" என்றார்.
அது கேள்வி இல்லை.
கிளம்புகிறவர் செருப்புத் தேடுகிற சத்தம்.

பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு
மேசை வரைக்கும் நடந்தேன்.
உட்கார்ந்திருந்தபோது அவ்வளவு தூரம் என்று தெரியவில்லை.
பாட்டிலுக்குள் தலைகீழாய்த் தொங்கி
நெளிந்துகொண்டிருந்தன, முப்பது நாற்பது.

"எந்த வீடு? நோட்டீஸ் குடுத்தாச்சா? அபராதம்?"
"குடுக்கல சார்.
உங்க ரூமுக்கு வெளிய, தண்ணி மெஷினுக்கு அடியில
ஒரு தட்டு இருக்குல்லா, அதுல எடுத்தது.
இப்பத்தான்.
வருகைக்குக் கையெழுத்துப் போட வரிசையில நிக்கையில."

யாரோ சிரித்தார்கள், அதை இருமலாக மாற்றினார்கள்.
பின்வரிசையில் ஜெபக்கனி எழுந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. நின்றாள்.
பிறகு முப்பிடாதி, நல்ல காலில் பாரம் வைத்து.
பிறகு மீதிப் பேர்.
நாற்காலிகள் தரையில் உரசிய சத்தம்
மைக்கில் விழுந்து அறை முழுக்க நின்றது.

"ஏணி வேணும்" என்றேன்.
"காய்ச்சல்ல கிடந்த நாளுக்குச் சம்பளம் வேணும்.
எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு
எங்ககிட்டயும் கேக்கணும்.
புழு எங்க கிடக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும்."
குரல் நடுங்கியது. அதையும் மைக் வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரம் நடவடிக்கைக் குறிப்பு ஒட்டினார்கள்.
'பணியாளர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.
தேநீர் வழங்கப்பட்டது.'

கலந்துகொண்டது சரிதான்.
லிட்டருக்கு இத்தனை மில்லி என்று
கலந்து கலந்து நகக்கண் வெளுத்த கைதானே.

என்னை வார்டு மாற்றினார்கள்,
ரெண்டு பஸ் மாறிப் போகிற இடம்.
சம்பளம் பற்றிப் பேச்சில்லை.
ஏணி வந்தது.
ஒன்று. அலுமினியம். வெயிலில் கை வைக்க முடியாது.
இன்றைக்கு அது யாருக்கு என்று
ஆறேகாலுக்கு டீக்கடை முன்னால் கூடிப் பேசுகிறோம்.
சண்டை போடுகிறோம்,
யாருக்கு மாடி வீடு அதிகமோ அவளுக்கு என்று முடிக்கிறோம்.
இதற்கு யாரும் தாள் அனுப்புவதில்லை.
என் பட்டியலில் இப்போது ஓட்டு வீடுகள்தான்.
இருந்தாலும் நிற்கிறேன், முதல் பஸ் அந்த வழி.

போகிறபோது மண்டல அலுவலக வாசல்நிலையில்
சாக்பீஸால் தேதி போடுகிறேன்,
எல்லா வீட்டுக்கும் போடுகிற மாதிரி.
தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.
'பார்த்தது. புழு இல்லை.'

பின்பக்கம் ஜீப் டயர் ஒன்று கிடக்கிறது.
அதை இன்னும் பார்க்கவில்லை.